எழுதும் கையே!

(பட்டிமன்றத் தலைப்பு: படிக்கிற பிள்ளைக்குப் பெரிதும் துணை நிற்பது கேட்கும் காதா? எழுதும் கையா?)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! வாதத்திலே சூடும் பேச்சிலே சுவையும் கலந்து தருகின்ற இரு அணிப் பேச்சாளர்களே! அரங்கம் நிறைந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே, வீட்டிலே தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால், ஒரு கையிலே ரிமோட்டை வைத்துக்கொண்டு "இவன் போரடிச்சா மாத்திரலாம்" என்று காத்திருக்கிற அன்பு நெஞ்சங்களே!

எதிரணித் தலைவர் பேசிவிட்டு அமர்ந்திருக்கிறார். என்ன அழகான வாதம்! "வள்ளுவர் 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே வைத்தார், 42-ஆவது அதிகாரம்; 'குறிப்பெடுத்தல்' என்று ஓர் அதிகாரம் வைத்தாரா?" என்று கேட்டாரே! நீங்களும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். ஆனால் ஐயா, ஒரே ஒரு சந்தேகம். வள்ளுவர் சொன்னார் என்று இன்றைக்கு உங்களுக்கு எப்படித் தெரியும்? யாரோ ஒரு புண்ணியவான் ஓலையிலே எழுதி வைத்தான், தெரியும்! (கைதட்டல்)

அடுத்து வந்த தங்கை ஒரு பெரிய குண்டையே தூக்கிப் போட்டாங்க. "இறையனார் களவியல் உரை, நக்கீரர் தொடங்கி முசிறி நீலகண்டனார் வரைக்கும் பத்துப் பேர் வாய்வழியாகவே வந்தது, அப்புறந்தான் ஏட்டிலே ஏறியது. கேட்டே காப்பாற்றினார்கள்!" என்றார்கள். உண்மைதான் அம்மா. அந்த உரையின் முகப்பிலேயே அந்தச் செய்தி இருக்கிறது. நான் மறுக்கவில்லை. ஆனால் அதே உரையிலே, சங்க காலத்துக்குப் பல நூற்றாண்டு பிந்திய பாண்டியன் நெடுமாறனைப் பாடுகிற பாண்டிக்கோவைப் பாட்டும் உள்ளே வந்து உட்கார்ந்திருக்கிறதே, அது எப்படி வந்தது? காது வழியாகப் பத்துத் தலைமுறை நடந்து வந்த உரை, வழியிலே பார்த்ததையெல்லாம் கூட அழைத்துக்கொண்டு வந்துவிட்டது!

எங்கள் வீட்டிலே கூட அப்படித்தான். போன வாரம் என் துணைவியார் கடைக்கு அனுப்பினார்கள். "சீட்டு எழுதித் தரவா?" என்றார்கள். "டாக்டர் பட்டம் வாங்கினவனுக்குச் சீட்டா? அஞ்சு சாமான்தானே, சொல்லு" என்றேன். சொன்னார்கள். காது நன்றாகக் கேட்டது. திரும்பி வந்தபோது பையிலே ஏழு சாமான் இருந்தது. அதிலே நாலு, அவங்க சொல்லாதது! (சிரிப்பு)

வேடிக்கை கிடக்கட்டும். எதிரணி சொன்னதிலே பாதி உண்மை இருக்கிறது. அதை ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும். "குனிந்து எழுதிக்கொண்டே இருக்கிறவன் கேட்க மாட்டான்" என்றார்கள். சரிதான். வகுப்பிலே சில பிள்ளைகள் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். பேராசிரியர் வாயிலிருந்து எது வந்தாலும் எழுதும். "இளங்கோவடிகள் சேர நாட்டு இளவரசர், துறவு பூண்டவர், கடைசி பெஞ்சுல யாருப்பா சிரிக்கிறது..." அதையும் எழுதியிருக்கிறான்! அதோடு விட்டானா? தேர்வுத் தாளிலும் எழுதினான். திருத்தியவன் நான். (சிரிப்பு)

நடுவர் அவர்களே, அதற்குப் பெயர் குறிப்பெடுப்பது இல்லை. அது படியெடுப்பது. ஜெராக்ஸ் மெஷின் செய்கிற வேலையை மனிதன் செய்வது. நான் பேச வந்தது அந்தக் கைக்காக அல்ல. காது கேட்டதை மனது வாங்கி, மனது அறுத்துத் தேர்ந்ததை விரல் நுனிக்கு அனுப்புகிறதே, அந்தக் கைக்காக!

அந்தக் கை என்ன செய்யும்? ஒரு கதை சொல்கிறேன். கதை அல்ல, வரலாறு.

லண்டன் மாநகரம். 1812-ஆம் ஆண்டு. ஒரு கொல்லர் வீட்டுப் பையன். பெரிய படிப்பு கிடையாது. புத்தகம் பைண்டு செய்கிற கடையிலே வேலை பழகிக்கொண்டிருந்தவன். கடைக்கு வந்த ஒரு வாடிக்கையாளர் இரக்கப்பட்டு, அன்றைக்குப் பெரிய விஞ்ஞானியான ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுக்குச் சீட்டு வாங்கிக் கொடுத்தார். நாலே நாலு சொற்பொழிவு. அந்த அரங்கத்திலே அன்றைக்கு எத்தனையோ சீமான்கள், சீமாட்டிகள் உட்கார்ந்து கேட்டார்கள். எல்லாருக்கும் காது இருந்தது. இந்தப் பையன் குறிப்பெடுத்தான். வீட்டுக்கு வந்து விரித்து எழுதினான். படம் வரைந்தான். சுமார் 300 பக்கம். தெரிந்த தொழில் பைண்டிங் ஆயிற்றே, தானே பைண்டு செய்து அந்த டேவிக்கே அனுப்பி வைத்தான். அடுத்த ஆண்டு, 1813-இல், டேவியின் ஆய்வுக்கூடத்திலே உதவியாளர் வேலை கிடைத்தது. அந்தப் பையன் பெயர் மைக்கேல் ஃபாரடே! 1831-இலே காந்தத்தை வைத்து மின்சாரம் உண்டாக்கலாம் என்று காட்டினானே, அந்த ஃபாரடே. இந்த மேடையிலே எரிகிற விளக்குக்கும், என் முன்னால் இருக்கிற இந்த மைக்குக்கும் மின்சாரம் எங்கோ ஒரு ஜெனரேட்டர் சுற்றி வருகிறதென்றால், அதன் மூலத்திலே ஒரு பைண்டிங் கடைப் பையனின் நோட்டுப் புத்தகம் இருக்கிறது! (கைதட்டல்)

இன்னொன்று சொல்கிறேன். மொழியியல் படித்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்த பெயர், சசூர். ஜெனிவா பல்கலைக்கழகத்திலே 1907 முதல் 1911 வரைக்கும் மூன்று தடவை பொது மொழியியல் பாடம் நடத்தினார். அதை அவர் நூலாக எழுதவே இல்லை. 1913-இலே இறந்து போனார். 1916-இலே அவர் பெயரிலே ஒரு நூல் வெளிவந்தது. உலக மொழியியலையே புரட்டிப் போட்ட நூல். எப்படி வந்தது? வகுப்பிலே உட்கார்ந்த மாணவர்களின் நோட்டுகளைத் திரட்டி, அவருடைய சக ஆசிரியர்கள் இரண்டு பேர் தொகுத்தார்கள். நான் கேட்கிறேன், அந்தப் பிள்ளைகள் எதிரணி சொல்கிற மாதிரி "ஆகா, என்னமா நடத்துறார்!" என்று காதை மட்டும் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த அறிவு ஆசிரியரோடு கல்லறைக்குப் போயிருக்கும்!

இப்போது எதிரணியிலே இளைஞர் ஒருவர் பேசினார். "இந்தக் காலத்திலே எதற்கு ஐயா எழுதணும்? கரும்பலகையை செல்போனிலே படம் எடுத்துக்கலாம், பேச்சைப் பதிவு பண்ணிக்கலாம்" என்றார். தம்பி, எடுக்கலாம். நம்ம வீட்டுக் கல்யாண வீடியோ மாதிரி. எடுத்ததோடு சரி, அப்புறம் அதை யார் போட்டுப் பார்த்தது? ஒரு மணி நேர வகுப்பைப் பதிவு செய்தால், மறுபடி கேட்க இன்னொரு மணி நேரம் வேண்டும். ஒரு பக்கக் குறிப்பைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். படம் போனிலே இருக்கிறது. பாடம் எங்கே இருக்கிறது?

2014-ஆம் ஆண்டு அமெரிக்காவிலே முல்லர், ஓப்பன்ஹைமர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு சோதனை வெளியிட்டார்கள். கணினியிலே தட்டிக் குறிப்பெடுத்தவர்கள் நிறைய எழுதினார்கள். சொன்னதை அப்படியே எழுதினார்கள். கையாலே எழுதியவர்கள் குறைவாக எழுதினார்கள். ஆனால் கருத்தைப் புரிந்து பதில் சொல்ல வேண்டிய கேள்வியிலே கையாலே எழுதியவர்கள்தான் மேலே நின்றார்கள். நேர்மையாக இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2019-இலே வேறு சிலர் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அவ்வளவு பெரிய வேறுபாடு கிடைக்கவில்லை. ஆகவே பேனாவா, கணினியா என்பதல்ல சண்டை. ஊரார் சொல்லையே எழுதுகிறாயா, உன் சொல்லாக்கி எழுதுகிறாயா? அதுதான் கேள்வி.

நடுவர் அவர்களே, இதை நான் புத்தகத்திலே படித்துச் சொல்லவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டேன். அதைச் சொல்லத்தான் இன்றைக்கு வந்தேன்.

1987-லிருந்து 1990 வரைக்கும் தென் மாவட்டக் கல்லூரி ஒன்றிலே பி.ஏ. தமிழ் படித்தேன். எங்களுக்குச் சிலப்பதிகாரம் நடத்தினார் ஓர் ஐயா. முதல் அரை மணி நேரம் பேசுவார். கடைசி இருபது நிமிடம், தேர்வுக்காக, நோட்ஸ் சொல்லுவார். நான் என்ன செய்வேன்? அவர் பேசுகிறபோது பேனாவை மூடிவிடுவேன். நோட்ஸ் சொல்ல ஆரம்பித்ததும் திறப்பேன். ஒரு வரி விடமாட்டேன். லாங் சைஸ் நோட்டு மூன்று. முத்து முத்தான கையெழுத்து. தலைப்புக்குச் சிவப்பு மை. தேர்வுக்கு முதல் நாள் என் நோட்டுக்கு ஜெராக்ஸ் கடை வாசலிலே வரிசை நிற்கும்! அவ்வளவு பெருமை எனக்கு.

என் பக்கத்திலே ஒரு நண்பன். விடியற்காலையிலே பால் ஊற்றிவிட்டு, பஸ் பிடித்து, தாமதமாக வருவான். நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருப்பான். ஐயா பேசுகிறபோது அங்கே ஒரு வரி, இங்கே ஒரு வரி கிறுக்குவான். நோட்ஸ் சொல்கிறபோது பேனாவை மூடிவிடுவான். "ஏன்டா எழுதல?" என்றால், "அதான் நீ எழுதுறியே, அப்புறம் வாங்கிக்கிறேன்" என்பான்.

1997-இலே ஐயா திடீரென்று காலமானார். ஒரு நூல் எழுதியதில்லை. அப்போது நானும் வாத்தியாராகி இரண்டு வருஷம். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தோம். ஐயாவின் துணைவியார், அந்த அம்மா, கேட்டார்கள்: "தம்பி, முப்பது வருஷம் வகுப்புல பேசினாருன்னு சொல்றீங்க. என்ன பேசினாருன்னு எனக்குத் தெரியாது. வீட்டுல அதிகம் பேச மாட்டார். உங்ககிட்ட ஏதாவது இருக்கா?"

எனக்கு என்ன பெருமை! ஊருக்குப் போய் என் மூன்று நோட்டையும் எடுத்து வந்து கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துப் போனேன். அந்த அம்மா நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். "எழுத்து ரொம்ப அழகா இருக்கு தம்பி. ஆனா இதுல பாடந்தான் இருக்கு. அவர் இல்லையே" என்றார்கள்.

சாட்டையால் அடித்த மாதிரி இருந்தது. புரட்டிப் பார்த்தேன். உண்மைதான். அதிலே இருந்ததெல்லாம் எந்தக் கைடிலும் இருப்பது. ஐயா பேசிய அந்த அரை மணி நேரம், மூன்று வருஷம், ஒரு வரி இல்லை. எல்லாம் இந்தக் காதிலே கேட்டேன். நன்றாகத்தான் கேட்டேன். சிரித்தேன், கண் கலங்கினேன். என்ன சொன்னார் என்று கேட்டால்... நினைவில்லை.

நண்பனைத் தேடிப் போனேன். பரணிலே கிடந்தது அந்த நாற்பது பக்க நோட்டு. அட்டை இல்லை. அதிலே ஒரு பக்கம் சொல்கிறேன். கோவலன் எல்லாவற்றையும் இழந்துவிட்டு வெறுங்கையோடு கண்ணகியிடம் திரும்பி வருகிற இடம். அவள் கோபிக்கவில்லை, சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். அந்த இடத்திலே என் நண்பன் எழுதியிருக்கிறான்: "இத்தனை நாள் எங்கே போனாய் என்று அவள் கேட்கவில்லை. ஏன்? ஐயா பதில் சொல்லவில்லை. அம்மாவிடம் கேட்டு வரச் சொன்னார்." அதற்குக் கீழே, வேறு மையிலே, மறுநாள் எழுதினது: "அம்மா சொன்னது: கேட்டா திரும்பப் போயிருவாரே."

நடுவர் அவர்களே, நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அந்தப் பக்கம் வந்ததும் அந்த அம்மா நிறுத்திவிட்டார்கள். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்கள்: "ஒருநாள் ராத்திரி சாப்பிட்டுக்கிட்டே இதை என்கிட்டக் கேட்டார். எதுக்குக் கேக்குறாருன்னு சொல்லல. நானும் ஏதோ சொன்னேன். சிரிச்சுக்கிட்டே கை கழுவப் போயிட்டார். இப்பத்தான் தம்பி தெரியுது, வகுப்புக்குக் கேட்டிருக்கார்னு."

மூன்று லாங் சைஸ் நோட்டு கொடுக்காததை, பால் ஊற்றிவிட்டு வந்த பையனின் நாலு வரி கொடுத்தது! (கைதட்டல்)

அன்றோடு என் வகுப்பிலே நோட்ஸ் சொல்வதை நிறுத்தினேன். அதற்குப் பதிலாகப் பிள்ளைகளுக்குக் குறிப்பெடுக்கக் கற்றுக் கொடுக்க ஆரம்பித்தேன். இந்த நிகழ்ச்சியை எத்தனையோ மாணவச் செல்வங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்காக நான்கே செய்தி சொல்கிறேன்.

ஒன்று. எழுதத் தொடங்குவதற்கு முன்னால் தேதி, தலைப்பு போடுங்கள். பக்கத்திலே ஒரு கோடு போடுங்கள். அமெரிக்காவிலே கார்னெல் பல்கலைக்கழகத்திலே வால்டர் பாக் என்ற பேராசிரியர் சொல்லிக் கொடுத்து, 1962-இலே வந்த அவர் நூல் வழியாக உலகமெங்கும் பரவிய முறை இது. வலது பக்கம் அகலமாக விட்டு, அதிலே வகுப்புக் குறிப்பு. இடது பக்கம் இரண்டரை அங்குலம். வகுப்பு முடிந்த பிறகு அதிலே கேள்வி, முக்கியச் சொல். அடியிலே கொஞ்சம் இடம். அந்தப் பக்கத்தின் சாரம் இரண்டு வரியிலே. அவ்வளவுதான்.

இரண்டு. வாக்கியத்தை முழுசாகக் கேளுங்கள். அப்புறம் சுருக்கி எழுதுங்கள். ஆசிரியர் "மூன்று காரணம்" என்றால் உடனே 1, 2, 3 போட்டுவிடுங்கள். ஒன்று விட்டுப்போனால் அந்த எண் வெறுமையாக நின்று உங்களைக் கேள்வி கேட்கும். ஒரே செய்தியை இரண்டு தடவை சொன்னால், திரும்பிக் கரும்பலகையிலே எழுதினால், குரலைத் தாழ்த்தினால், அது முக்கியம்.

மூன்று. புரியாத இடத்திலே கேள்விக்குறி போடுங்கள். வெட்கப்படாதீர்கள். புரிந்ததை மட்டும் எழுதிய நோட்டு பாதி நோட்டு. என் நண்பனுடைய நோட்டிலே இருந்த பெரிய செல்வமே அந்த ஒரு "ஏன்?"தான்.

நான்கு. இதுதான் உயிர். அன்றைக்கு ராத்திரியே எடுத்துப் பாருங்கள். எபிங்ஹாஸ் என்று ஒரு ஜெர்மானியர், 1885-இலே நூல் வெளியிட்டார். பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்து தன்னைத்தானே சோதித்தார். மறதி முதல் ஒரு மணி நேரத்திலேயே மிக வேகமாக வேலை செய்கிறது என்று கண்டார். பொருளுள்ள பாடம் அவ்வளவு வேகமாக மறக்காது, ஆனாலும் மறக்கும். ஆகவே வலது பக்கத்தைக் கையாலே மூடிக்கொண்டு, இடது பக்கத்துக் கேள்வியை மட்டும் பார்த்து, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எங்கே திக்குகிறதோ அங்கே மறுபடி படியுங்கள்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது என்று நினைக்காதீர்கள். 13-ஆம் நூற்றாண்டிலே பவணந்தி முனிவர் நன்னூலிலே கணக்கே போட்டுக் கொடுத்திருக்கிறார். ஆசிரியர் சொன்னதை நன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டாலும் கால் பங்குதான் வரும். உடன் பயில்கிறவர்களோடு பழகினால் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, பிறருக்கு எடுத்துச் சொன்னால்தான் வரும் என்கிறார். காது அணி நண்பர்களே! காதை முழுசாகக் கொடுத்தாலும் கால் மதிப்பெண்தான். பாஸ் மார்க்கே இல்லை! (சிரிப்பு, கைதட்டல்) மீதி முக்காலுக்கு, நண்பனோடு பேச, பிறருக்குச் சொல்ல, கையிலே ஏதாவது இருக்க வேண்டுமா இல்லையா? அந்தக் கால் பங்கும் ராத்திரிக்குள்ளே கரைந்துவிடாமல் காப்பாற்றுவது எது? எழுதும் கை!

அதே பவணந்தியார் கடைசி மாணாக்கனுக்கு ஓட்டைக் குடத்தை உவமை சொன்னார். ஊற்ற ஊற்ற ஒழுகும். நான் மூன்று வருஷம் அந்தக் குடமாக இருந்தேன். வெளியிலே பளபளவென்று துலக்கி வைத்த ஓட்டைக் குடம்! உங்கள் பிள்ளைகள் அப்படி ஆகிவிடக் கூடாதே என்றுதான் இவ்வளவு நேரம் பேசினேன்.

நடுவர் ஐயா மணியிலே கை வைத்துவிட்டார். முடித்துவிடுகிறேன். ஐயா, நான் பேச வந்ததிலிருந்து உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆறு பேர் பேச்சுக்கும் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள். கேட்கும் காதே போதும் என்றால் நீங்கள் சும்மா உட்கார்ந்து கேட்டிருக்கலாம். அந்த வெள்ளைத் தாளிலே மடமடவென்று என்ன ஐயா எழுதிக்கொண்டே இருக்கிறீர்கள்? (பலத்த சிரிப்பு) நீங்களாவது நடுவர். அதோ, காதே பெரிது என்று முழங்கினாரே எதிரணித் தலைவர், எனக்குப் பதில் சொல்வதற்கு அவர் கையிலே என்ன இருக்கிறது பாருங்கள். துண்டுச் சீட்டு! (கைதட்டல்)

தீர்ப்பை நான் கேட்கவில்லை ஐயா. உங்கள் கை ஏற்கெனவே எழுதிவிட்டது. அதை அப்படியே படித்துவிடுங்கள் என்று கேட்டு, அமர்கிறேன்.